கிளை என்றால் தூரம்

கேஸ்காரர் தாய் மொழி படிக்க இடம் தேடி அலைகிறார் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். "தலை நரைச்ச பிறகு தாய்மொழி மறந்துபோச்சா?" என்றார் ஒருவர். "பெத்தவ சொல்லித் தராததை இனிமே யாருய்யா சொல்லித் தரப்போறா?" என்று இன்னொருவர் முதுகில் தட்டினார். தாய் என்றால் பெற்ற தாய் இல்லை, தாய்லாந்துக்காரர்கள் பேசுகிற மொழி, தன் மனைவியின் மொழி என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஒரு சுற்று போய் வந்துவிடும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கிறவர்களோடு சிரித்துவிட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது பிழைக்கப் போன இடத்தில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

கேஸ்காரர் என்பது பட்டப்பெயர். ஃபிரிட்ஜ், ஏ.சி., வாஷிங் மெஷின் என்று குளிர்கிறதையும் சுற்றுகிறதையும் பழுது பார்ப்பது தொழில். எது கெட்டாலும் "கேஸ் போயிடுச்சு" என்பார். ஃபிரிட்ஜுக்கு மட்டும் இல்லை, வேலையை விட்ட நண்பனுக்கும், விலை ஏறாத வீட்டுக்கும், தன் முழங்காலுக்கும் அதே தீர்ப்புதான். மீட்டரை எடுப்பதற்கு முன்னால் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கம்ப்ரசர் முனகுகிற முனகலிலேயே நோய் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காது.

மனைவி கிடைத்ததும் ஒரு ஃபிரிட்ஜால்தான். துணிகளை அளவு குறைத்துத் தைத்துக் கொடுக்கிற கடையில் அவள் வேலை பார்த்தாள். கடையின் பின்கட்டில் இருந்த சின்ன ஃபிரிட்ஜ் கெட்டுப்போய் இவரைக் கூப்பிட்டார்கள். முதல் தடவையே சரியாகிவிட்ட ஃபிரிட்ஜை இவர் அதற்குப் பிறகும் பல தடவை போய்ச் சரிபார்த்தார். கடைக்காரர் ஒன்றும் முட்டாள் இல்லை. "ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் கேஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தாய் மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இருவரும் பிழைக்க வந்த அந்த ஊர் மொழி. அதுவும் இரவல்தான், பேருந்திலும் கடையிலும் பொறுக்கிச் சேர்த்தது. அந்த இரவல் மொழியிலேயே காதலித்தார்கள், சண்டை போட்டார்கள், வாடகைக்கு வீடு பேசினார்கள், ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். இந்தக் கதையில் வருகிற பேச்சு பெரும்பாலும் அந்த மொழியில் நடந்ததுதான். நமக்காகத் தமிழில் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் அவள் கற்றது ஒரே ஒரு சொல். இவருடைய அண்ணி தொலைபேசியில் அண்ணனை "என்னங்க" என்று கூப்பிட்டதைக் கேட்டு, அந்தக் குடும்பத்து ஆண்களுக்கெல்லாம் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் மளிகைக்கடைக்காரரிடம்கூட "இவர் பேரு என்னங்க" என்று அறிமுகம் செய்துவைத்தாள். தப்பு என்று இவர் சொல்லவே இல்லை. சொல்ல மனம் வரவில்லை.

தாய் மொழியில் இவர் கற்றது அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரே ஒரு தடவை மாமியார் வீட்டுக்குப் போய் வந்தபோது, கைபேசியில் இலவசமாகக் கிடைத்த பாடத்தைக் கேட்டுச் சில சொற்களை மனப்பாடம் செய்தார். மறக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு தமிழ்ச் சொல்லில் கட்டிப்போட்டார். 'ஜெப்' என்றால் வலி. ஜேப்பில் காசில்லாவிட்டால் வலிக்கும்தானே. 'நாம்' என்றால் தண்ணீர். நாம் எல்லாருமே தண்ணீர்தான், பாத்திரத்துக்குத் தகுந்த மாதிரி இருந்துகொள்கிறோம். 'கிளை' என்றால் தூரம். வங்கிக் கிளை எந்த ஊரில் பக்கத்தில் இருந்திருக்கிறது? மனைவி இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் படி முடிந்ததும் இரண்டாம் படிக்குக் கைபேசி காசு கேட்டது. போய் வர இது போதும் என்று நிறுத்திவிட்டார்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை வேளையில், சமையலறையில், கையில் கரண்டியோடு. உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு வராது என்று பயந்துகொண்டிருந்தவருக்குப் பேச்சு வந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில்தான் விஷயம் புரிந்தது. வந்த பேச்சு முழுக்கத் தாய் மொழி. அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அவர் பேசினால் விழித்து விழித்துப் பார்த்தாள். சில பேருக்கு இப்படி ஆவது உண்டு, பிறகு கற்றது முதலில் போய்விடும், பிறந்தபோது கேட்டது நிற்கும் என்றார் மருத்துவர். இன்னொரு தடவை வந்தால் இதுவும் போகலாம் என்றும் சொன்னார். 'என்னங்க'வும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்களுக்கு நடுவில் ஒரு சொல்கூட இல்லாமல் போய்விட்டது. கேஸ்காரர் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மகள் வேறொரு நாட்டிலிருந்து தினமும் கூப்பிடுவாள். நாலு வயதில் பேசின தாய் மொழியைப் பள்ளிக்கூடம் போன வருஷமே மறந்துவிட்டவள். "கைபேசியே மொழிபெயர்த்துச் சொல்லும்ப்பா" என்று வழி சொன்னாள். இவர் கைபேசியை அவள் வாயருகே பிடித்தார். கோணின வாயிலிருந்து குழறி வந்ததை அது கேட்டுவிட்டு, 'யானைக்கு ரசீது வேண்டும்' என்றது. மருத்துவமனையிலிருந்து மொழிபெயர்க்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவளைக் கண்டதும் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோணின முகத்தை அந்நியர்களுக்குக் காட்டமாட்டாள், அவர்கள் முன்னால் வாயும் திறக்கமாட்டாள். தையல் கடையில் இருந்தபோதே உதட்டுச் சாயம் இல்லாமல் வாசலுக்கு வராதவள்.

இவருடன் மட்டும் பேசினாள். பேசினாள் என்றால் மடை திறந்த மாதிரி. அதில் இவருக்கு அகப்பட்டது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள். தண்ணீர் என்று கேட்டால் ஓடிப்போய்க் கொண்டுவருவார். ஆனால் தண்ணீர் வேண்டும் என்றாளா, வேண்டாம் என்றாளா, அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தது என்றாளா? யாருக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று மட்டும் இவருக்கு முழுசாகப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துவிடும்போதெல்லாம் அழுதுகொண்டே சொல்வாள்: "யூ கிளை கிளை." யூ என்றால் இரு. கிளை என்றால் தூரம். தூரமாய் இரு, தூரமாய் இரு.

முதல் தடவை கேட்டபோது நெஞ்சில் குத்தின மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தார். வெட்கம். தன்னை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்கிறாள். நியாயம்தானே? குளிப்பாட்ட ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். தன் படுக்கையைச் சுருட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோனார். சாப்பாட்டையும் அந்தப் பெண்ணே ஊட்டட்டும் என்று விட்டார். இவர் தள்ளித் தள்ளிப் போக, வாசற்படியில் நிற்கிறவரைப் பார்த்து அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "யூ கிளை கிளை!" இன்னும் எவ்வளவு தூரம்தான் போவது?

அவள் பேசுகிற மற்றதெல்லாம் என்ன, தன் மேல் என்ன கோபம், என்ன செய்தால் தீரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், இருக்கிற பேச்சும் போவதற்குள். அதற்குத்தான் இந்தத் தாய் மொழித் தேடல்.

அடிப்படைப் பாடம் எங்கே பார்த்தாலும் கிடைத்தது. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வணக்கம், நன்றி, விலை என்ன, இதோடு காரியம் முடிந்துவிடும். அதற்கு மேலே, முழு வாக்கியம் பேசுகிற அளவுக்கு, இடைநிலை என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். அரைக் கிணறு தாண்டினவனுக்கு இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிற ஒருவர் ஒரு மணி நேரத்துக்குக் கேட்ட தொகையில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றே வாங்கிவிடலாம். மாலை நேரப் பள்ளி ஒன்றில், கட்டணம் குறைச்சல்தான், ஆனால் ஆறு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு என்றார்கள்.

"இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"உங்களைச் சேர்த்து ஒருத்தர்" என்றாள் அலுவலகத்துப் பெண், ஒரு வேலையை முடித்த திருப்தியோடு.

ஆறு பேரைப் பிடிக்க, கேஸ்காரர் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினார்: 'தாய் மொழி இடைநிலை வகுப்பு, குறைந்த கட்டணம், ஆறு பேர் தேவை. அடிப்படை தெரிந்தவர்கள் சனிக்கிழமை நாலு மணிக்கு மாலை நேரப் பள்ளிக்கு வரவும்.' தாய்க்கும் மொழிக்கும் நடுவில் கவனமாக ஓர் இடைவெளி விட்டிருந்தார். அந்த இடைவெளியை எவர் பார்த்தார்? கைதட்டல் குவிந்தது. சொல்லாமல் செய்வர் பெரியர் என்றார் ஒருவர். சனிக்கிழமை அந்தப் பள்ளியின் வாசலில் ஏழெட்டுப் பெற்றோர், குளித்துத் தலைசீவின பிள்ளைகளோடு, தமிழ் படிக்க வந்து நின்றார்கள். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டுகிற உத்தேசத்தில் இருந்தார்.

கேஸ்காரர் கையைப் பிசைந்துகொண்டு உண்மையைச் சொன்னார். அப்புறம் ஓர் அம்மா தன் பையனைப் பார்த்து, "வாடா, இது வேற தாயாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். செயலாளர் மட்டும் தோளில் கைவைத்து, "வீட்டுல எப்படிண்ணே இருக்காங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தாங்குகிற தெம்பு அன்றைக்கு அவருக்கு இல்லை. "இருக்கா" என்றார்.

கடைசியில் இடம் கிடைத்தது ஒரு சலவைக்கடையில். துணி உலர்த்துகிற இயந்திரம் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். இவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கடைக்காரி இயந்திரத்தை ஒரு உதை உதைத்து ஏதோ திட்டினாள். திட்டின மொழி இவர் காதில் தேனாய் விழுந்தது. மொழி தெரியாவிட்டாலும் மெட்டுத் தெரியும். அவள் தாய்லாந்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினவள் என்பது தெரிந்ததும் கேஸ்காரர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். பேச்சு சீக்கிரம் முடிந்தது. இவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது, அவள் பாடம் சொல்வது. கடையில் இருந்தது ஆறு இயந்திரம், ஆறும் கிழடு. ஆறு பேர் கிடைக்காவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் இவரைப் பேசச் சொல்லிக் கேட்டவள், மடித்துக்கொண்டிருந்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாத்தையும் இஸ்திரி போட்டுட்டுப் பேசுறீங்களே! எங்க மொழியில சத்தம் ஏறணும், இறங்கணும். அதுதான் முதல் பாடம்."

"பாட்டு கிளாஸ் எல்லாம் வேண்டாம்மா" என்றார் இவர். "முதல் படி எனக்கு முடிஞ்சுது. வாக்கியம் சொல்லிக் குடுங்க. இடைநிலை."

"முதல் படி முடிஞ்ச லட்சணம்தான் தெரியுதே."

"எனக்கு நேரம் இல்லம்மா" என்றார். ஏன் நேரம் இல்லை என்று அவள் கேட்டாள். மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவளோடு பேசணும் என்று மட்டும் சொன்னார். 'யூ கிளை கிளை'யைச் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டி தூரப்போ என்கிறாள் என்று ஊரானிடம் யார் சொல்வார்கள்? அது புரியாத வாக்கியமும் இல்லையே.

அவரவர் பிடிவாதம் அவரவருக்கு. வாக்கியமாகவே பாடம் நடந்தது. பலனும் இருந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னது ஒரு நாள் புரிந்தது. மகள் சாப்பிட்டாளா என்று கேட்டது புரிந்தது. சாப்பிட்டாள் என்று வாசற்படியில் நின்றபடியே பதில் சொன்னார். அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அன்றைக்குக் கூடத்தில் படுத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாள் போனால், ஏன் தூரமாய் இருக்கச் சொல்கிறாய் என்று கேட்டுவிடலாம். அதற்கான வாக்கியத்தைக்கூட மனசுக்குள் கூட்டிவைத்திருந்தார்.

கேட்பதற்குள் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு மருத்துவர் சொன்ன அந்த இரண்டாவது தடவையும் வந்தது. மருத்துவமனையிலிருந்து அவளைத் திரும்பக் கூட்டிவந்தபோது கண்ணில் உயிர் இருந்தது, வாயில் சத்தம் இல்லை. தாய் மொழியும் போய்விட்டது.

சலவைக்கடையில் ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார். வாக்குக் கொடுத்த வேலை ஆயிற்றே என்று, குளிப்பாட்டுகிற பெண்ணை வீட்டில் வைத்துவிட்டு ஒரு பிற்பகலில் போனார். பாடத்துக்காக இல்லை. படித்து இனி யாரிடம் பேச?

கடைக்காரிக்கு விஷயம் தெரியாது. அவர் மூட்டை மாதிரி வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, பேச்சுக் கொடுப்போம் என்று தன் மொழியில் கேட்டாள்: "பான் யூ கிளை, சாய் மை?"

வீடு தூரம், அப்படித்தானே? கேஸ்காரர் தலையாட்டி மறுத்தார். "தூரம் எல்லாம் இல்லம்மா. ரெண்டு தெரு தள்ளி."

"அதைத்தானே நானும் கேட்டேன். வீடு பக்கம்தானேன்னு."

"தூரமான்னு கேட்டீங்க. கிளைன்னா தூரம்தானே."

"ஒரு கிளை தூரம். ஒரு கிளை பக்கம்" என்றாள் அவள். இரண்டையும் சொல்லிக் காட்டினாள். இவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. அவள் சலித்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தைக் காட்டினாள். "இது ஓடுதே, ஒரே சீரா? அது தூரம்." சுவிட்சை அணைத்தாள். உள்ளே சுழன்றுகொண்டிருந்த சத்தம் மேலேயிருந்து கீழே இறங்கி அடங்கியது. "இறங்குச்சுல்ல? இது பக்கம்."

இயந்திரம் அணைகிற சத்தம் இவருக்குத் தன் மூச்சு மாதிரி. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்.

"யூ கிளை கிளைன்னு அவ சொல்றதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார்.

"எந்தக் கிளை? அவங்க சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொல்ல வரவில்லை. வாய் தட்டையாகவே சொன்னது. கண்ணை மூடிக்கொண்டார், ஃபிரிட்ஜின் பின்னால் காதை வைக்கிற மாதிரி. கேட்டார். கட்டிலில் சாய்ந்துகொண்டு அழுகையோடு அவள் சொன்னது, வாசற்படியில் நின்றவரைப் பார்த்துச் சொன்னது, ஒவ்வொன்றும் காதில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு கிளையும் மேலேயிருந்து கீழே இறங்கியது.

"இறங்குதும்மா" என்றார்.

"பக்கத்துலயே இருன்னு சொல்றாங்க" என்றாள் கடைக்காரி. "உடம்புக்கு முடியாதவங்க வேற என்ன சொல்லுவாங்க?"

கேஸ்காரர் பையைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்.

குளிப்பாட்டுகிற பெண்ணை அனுப்பிவிட்டு, கிரீஸ் படிந்த சட்டையோடு அப்படியே கட்டிலின் ஓரத்தில், மனைவிக்குப் பக்கத்தில் படுத்தார். பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தன் வாயில் அது தூரமாகவே விழும் என்று நினைத்ததும் மூடிக்கொண்டார். அவள் சுவர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நகர்ந்தாளா, மெத்தை அமுங்கினதில் உடம்பு சரிந்ததா, தெரியாது. நகர்ந்தாள் என்றே அவர் வைத்துக்கொண்டார். கூடத்தில் படுத்த அத்தனை நாளையும் நினைத்து வாய்விட்டு அழுதார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டிலை விட்டு அவர் அதிகம் நகரவில்லை. ஊட்டினார், துடைத்தார், தலைவாரினார், உதட்டுச் சாயம்கூடப் பூசிவிட்டார், கோணலாக. குளிர் குறைய ஆரம்பித்த நாட்களில் அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை ஒரு சொல் பேசவில்லை.

மகள் வந்து காரியங்களை முடித்து, அலமாரியை ஒழித்து, அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ஒரு நாள் மத்தியானம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரிடம் கேட்டாள்.

"எங்கப்பா, ரிப்பேர் வேலையா?"

"இல்லம்மா. கிளாஸ்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மாவே போயாச்சு. இனிமே அந்த மொழியைக் கத்துக்கிட்டு யார்கிட்டப்பா பேசப்போறீங்க?"

"பேசறதுக்கு இல்லம்மா" என்றார் கேஸ்காரர். "உங்கம்மா அத்தனை மாசம் பேசினது எல்லாம் வெறும் சத்தமா என் காதுல கிடக்கு. கொஞ்சம் கொஞ்சமா அந்தச் சலவைக்கடை அம்மாகிட்ட சொல்லி அர்த்தம் கேட்டுக்கிட்டு வரேன். இன்னும் பாதிகூடத் தெரியல."